டீசல் ஜீப் எடுத்தால் இருபது வருடம் உழைக்குமா?

9 நவம்பர் 2023, ஒருவர் கேட்டது

"கோத்தகிரி பக்கம் இரண்டரை ஏக்கர். தேயிலை, கொஞ்சம் கேரட். பழைய டீசல் ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2001 மாடல், ஃபோர் வீல், மீட்டரில் 1,38,000 காட்டுகிறது. டீசல் எஞ்சின் அஞ்சு லட்சம் கிலோமீட்டர் அசையாது, கண்ணை மூடிக்கொண்டு எடு என்கிறார் மாமா. ரொம்ப வருடமாக வைத்திருக்கிற அண்ணன்மார் சொல்லுங்கள், எடுக்கலாமா?"

9 நவம்பர் 2023, இரவு

எஞ்சின் ரொம்ப நாள் உழைக்கும் என்ற வரையில் மாமா சொன்னது சரி. கண்ணை மூடுவதுதான் வேண்டாம்.

என்னுடையது 1998 மாடல். 2006இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, ஏசி கிடையாது, மழை வந்தால் கூரையும் பாதிதான். எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன், எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிடும். பதினேழு வருடத்தில் எஞ்சினால் வழியில் நின்றது இரண்டே முறை. மற்றதால் நின்றது தனிக் கணக்கு: கிளட்ச், பிரேக், ஸ்டீயரிங் பாக்ஸ், டைனமோ, ஒருமுறை பங்க்கில் சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்தது. எஞ்சின் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் போகும் தம்பி. அதைச் சுற்றி இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

மீதி நாளைக்கு. காலையில் இலை எடுக்க ஆள் வருகிறார்கள்.

10 நவம்பர் 2023

அந்த 1,38,000ஐ மறந்துவிடுங்கள். பழைய ஜீப்பில் மீட்டர் கேபிள் அறுவது சாதாரணம். என்னுடையது அறுந்து எட்டு மாதம் அப்படியே ஓடியது, அந்த எட்டு மாதம் எந்தக் கணக்கிலும் இல்லை. உங்களுக்கு விற்கிறவர் கேபிளை எத்தனை தடவை மாற்றினாரோ.

மீட்டர் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கீழ்நாட்டு வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடியிருந்தால் 1,38,000 என்பது 2,760 மணி நேரம். நம் சாலையிலும் தோட்டத்து வழியிலும் சராசரி 20 தாண்டாது. அப்படியானால் அதே எண் 6,900 மணி நேரம். டிராக்டர் வாங்கும்போது மணிக் கணக்கைத்தானே கேட்கிறோம்? மலை ஜீப்பையும் அப்படித்தான் எடைபோட வேண்டும்.

பார்க்கப் போவதானால் காலை ஆறு மணிக்கே போங்கள். வருகிறேன் என்று முன்னாடியே சொல்லாதீர்கள். சொன்னால் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருப்பார். முதலில் பானெட்டில் கை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் சரி. புஸ் புஸ் என்று இழுத்து மூச்சு விட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, விலையை அங்கிருந்து பேச ஆரம்பியுங்கள்.

சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், துருப்பிடிக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கே என்ன கடலா இருக்கிறது? சேசிஸுக்கு ஒன்றும் ஆகாது.

16 நவம்பர் 2023

மழை. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவு என்கிறார்கள், வண்டி எடுக்க வழியில்லை. நான் நின்ற கதையை எழுதுகிறேன்.

2011 ஜூலை. மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு எட்டரைக்கு ஏறி வருகிறோம், நானும் வீட்டுக்காரியும். குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் இரண்டு தடவை தும்மியது, நின்றது. பலாப்பழ சீசனில் அந்த இடத்தில் நிற்பது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கீழே சரிவில் கிளை ஒடிகிற சத்தம். யானை ஒன்றா நான்கா, எண்ணிப் பார்க்கவில்லை.

டீசல் வண்டி இப்படித் தும்மி நின்றால் பல நேரம் ஏர் லாக், டீசல் குழாயில் காற்று புகுந்து அடைப்பது. முதலிலேயே பேட்டரி, வயரிங் என்று தேட வேண்டாம். டார்ச்சை அவளிடம் கொடுத்துவிட்டு, ஃபில்டர் மேலே இருக்கும் போல்ட்டை 10ஆம் நம்பர் ஸ்பேனரில் அரைச் சுற்றுத் தளர்த்தி, கை பம்பை அமுக்கினேன். முதலில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வந்தது. இருபது அமுக்கு, நுரை. முப்பது, நுரையும் நடுவே டீசலும். டார்ச் வெளிச்சம் என் கையில் இல்லாமல் சரிவுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஐம்பதுக்கு அப்புறம் குமிழ் இல்லாமல் சுத்தமாக வழிந்தது. போல்ட்டை இறுக்கி செல்ஃப் அடித்தேன், பிடித்தது. கை வழுக்கி ஸ்பேனர் இருட்டில் விழுந்தது. தேடவில்லை, இன்னும் அங்கேதான் கிடக்கும்.

காரணம், டேங்கிலிருந்து வரும் ரப்பர் டியூபில் தலைமுடி அளவு வெடிப்பு. டீசல் வெளியே சொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். நாற்பது ரூபாய் டியூப். அதற்கப்புறம் எல்லா ரப்பரையும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன், நன்றாக இருந்தாலும்.

17 நவம்பர் 2023

பத்தாம் நம்பர் இல்லை, பன்னிரண்டு. இன்று காலை போய்ப் பார்த்தேன்.

3 டிசம்பர் 2023

இரண்டே முறை நின்றது என்று எழுதியதை வீட்டில் படித்துவிட்டார்கள். மூன்று என்கிறாள். 2019 ஆகஸ்ட்டைச் சொல்கிறாள். 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வாரம். எமரால்டில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு அரிசியும் போர்வையும் கொண்டுபோனபோது, பேரலிலிருந்து ஊற்றிய டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. வழியில் நின்றது. அது எரிபொருள் கோளாறு, எஞ்சின் கோளாறு இல்லை என்று வாதாடிப் பார்த்தேன். "நின்றதா, இல்லையா?"

சரி, மூன்று.

ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு ஒன்று இருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

11 ஜனவரி 2024

உறைபனி ஆரம்பித்துவிட்டது. காலையில் வண்டி பிடிக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இருவரும் தலைகுந்தா பக்கம்.

பழைய எஞ்சின்களில் இரண்டு வகை உண்டு. சின்னத் தனி அறையில் டீசலைப் பீய்ச்சி எரிப்பது ஒன்று, நேராக பிஸ்டன் தலையில் பீய்ச்சுவது இன்னொன்று. முதல் வகையில் அறைச் சுவரே சூட்டைக் குடித்துவிடும், அதனால் அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இல்லாமல் குளிரில் பிடிக்காது. நான்கு பிளக்கில் ஒன்று செத்துப்போனால் ஏப்ரலில் தெரியவே தெரியாது. இரண்டு போனாலும் நவம்பர் வரை ஓட்டிவிடலாம். ஜனவரியில் மானம் போகும். எனக்குப் போனது எங்கள் படுகர்களின் ஹெத்தை பண்டிகைக்குப் புறப்பட்ட காலையில். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் முண்டாசு, எங்கள் ஹட்டியே, ஊர் மொத்தமும், கூடி நின்று தள்ளியது. அன்று வந்த புகையில் என் வேட்டியைத் தவிர எல்லார் வேட்டியும் கறுத்தது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று, கேள்விப்படாதவர்களுக்காக. டீசலில் மெழுகு உண்டு, குளிரில் அது திரளும். நம் நாட்டுத் தரநிலை ஐஎஸ் 1460இல் ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலைக்குக் குளிர்கால வரம்பு 6 டிகிரி, கோடை வரம்பு 18 டிகிரி. பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வரம்பைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் கோடையில் கீழே பேரலில் நிரப்பிய டீசலை ஜனவரியில் மேலே ஊற்றிவிட்டு எஞ்சினைத் திட்டாதீர்கள்.

மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பம்புக்கு உள்ளே எண்ணெய்ப் பசை தருவதே டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை கிடையாது. மிச்சம் பிடிக்கும் ரூபாய் பம்ப் வேலைக்காரருக்குப் போகும்.

2 பிப்ரவரி 2024

பம்ப் என்றதும் நினைவு வந்தது. 2014இல் என் டீசல் பம்பைக் கோவையில் ஒரு கடையில் காலிபரேஷன் செய்தார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது, புத்தகத்தில் உள்ளபடி துல்லியமாக வைத்துக் கொடுத்தார்கள். மேட்டுப்பாளையம் வரை குதிரை. பர்லியாறு வழியாக ஏறி குன்னூர் தாண்டியபோது பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் தலையில் கை வைத்தார். கரும்புகை, சாலையே தெரியவில்லை.

கோத்தகிரி உயரத்தில் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிந்துவிடும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருந்தால் அது ஈடுகட்டும். இல்லாத வண்டியில் பம்ப் அதே அளவு டீசலைப் பீய்ச்சும், எரிக்கக் காற்று போதாது, மீதி புகையாகப் போகும். எங்கள் பட்டறை அண்ணன் பம்பின் பின்னால் இருக்கும் திருகைக் கொஞ்சம் திருப்பி அளவைக் குறைத்தார். புகை நின்றது. ஆனால் கோவைக்கு இறங்கினால் இப்போது வண்டிக்குச் சோம்பல். பரவாயில்லை, நான் கோவைக்கு மாதம் ஒருமுறைதான் போகிறேன்.

கீழ்நாட்டிலிருந்து வண்டி வாங்கி வருகிறவர்கள் முதல் வாரமே எஞ்சின் போச்சு என்று பயப்படுவதும் இதனால்தான்.

19 பிப்ரவரி 2024

ரேடியேட்டர் மூடி. நான் பணம் கட்டிப் படித்த பாடம்.

ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பருப்பு வேக குக்கர் வேண்டும் என்பது போலத்தான் ரேடியேட்டருக்கு மூடி. அது அழுத்தம் பிடித்தால்தான் கொதிநிலை ஏறும். ரப்பர் தளர்ந்த மூடி கீழே காலம் தள்ளிவிடும், இங்கே தள்ளாது. 2017இல் அப்படித்தான் எஞ்சின் சூடேறி, தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போனது. ஹெட்டைப் பிரித்து, மட்டம் பார்த்து, சீவி, திரும்ப மாட்டி, எல்லாமாக 14,000 ரூபாய். புது மூடி 180 ரூபாய். பழைய மூடியை இன்னும் வைத்திருக்கிறேன், மேஜை மேல் பேப்பர் பறக்காமல் இருக்க.

5 மார்ச் 2024

டீசல் என்பதால் இறக்கத்தில் எஞ்சினே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். உண்மையில் பெட்ரோல் எஞ்சினில்தான் காலை எடுத்ததும் காற்று வழி மூடிக்கொண்டு பிடி கிடைக்கும். பழைய டீசலில் அந்தக் கதவே கிடையாது. ஜீப் பிடிப்பதாகத் தோன்றுவது கியர் தாழ்வாக இருப்பதால். இறக்கத்தில் இரண்டாவது கியர் என்று போர்டு வைத்திருப்பது வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் இல்லை.

12 மே 2024

7ஆம் தேதியிலிருந்து நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ். இங்கே பதிவான டிஎன் 43 வண்டிக்கு வேண்டியதில்லை. இருந்தும் சீசன் நெரிசல் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நேற்று கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு 29 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். ஏற்றத்தில் அரை கிளட்ச்சில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் பிளேட் வெந்து வாடை வரும், தீய்ந்த பப்படம் மாதிரி. அந்த வாடை வந்தால் ஓரம் கட்டுங்கள், பின்னால் இருப்பவர் என்ன சொன்னாலும். என் நோட்டில் கிளட்ச் பிளேட் ஐந்து முறை மாற்றியிருக்கிறது. ஐந்தில் நான்கு ஏப்ரல், மே.

27 மே 2024

புது டீசல் வண்டி எடுப்பதே மேல், பழைய இரும்பைக் கட்டி அழாதே என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். சரி, பேசுவோம்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்ததெல்லாம் பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி. டீசல் என்றால் புகைக்குழாயில் கரி பிடிக்கும் சல்லடை பெரும்பாலும் இருக்கும். பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துக்கொள்ள வேண்டும், அதற்குக் குழாய் நன்றாகச் சூடாக வேண்டும். வீட்டிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து இலை கொடுக்கும் இடம், அங்கிருந்து வீடு, மொத்தம் நான்கு கிலோமீட்டர் என்று ஓட்டுகிற நமக்கு அது அடைத்துக்கொண்டே இருக்கும். மலைக்கு ஒத்துவராது என்பது என் முடிவு.

30 மே 2024

முடிவை வாபஸ் வாங்குகிறேன், பாதி.

அக்கா பையன் புது டீசல் வைத்திருக்கிறான். நான் எழுதியதைப் படித்துவிட்டு போன் செய்தான். "மாமா, குழாய் சூடாவது வேகத்தால் மட்டும் இல்லை, சுமையால். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் முப்பது கிலோமீட்டரும் எஞ்சின் சுமையோடுதான் இழுக்கிறது. அதைவிட நல்ல சூடு ஹைவேயில்கூட கிடைக்காது." யோசித்தால் சரிதான். வாரம் ஒருமுறை கீழே போய் ஏறுகிறவனுக்குப் பிரச்சினை இல்லை. ஹட்டியை விட்டு நகராத என் மாதிரி ஆளுக்குத்தான் அடைக்கும். அப்புறம் அவன் வண்டியில் ஹீட்டர் இருக்கிறது, சீட் இருக்கிறது, கூரை முழுசாக இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அவன் வண்டியில் விளக்கு ஒன்று எரிந்தால் கோவை போக வேண்டும். என் ஜீப் பழுதானால் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனால் போதும். எனக்கு நம்பிக்கையான வண்டி என்றால் அர்த்தம் இதுதான்: பழுதே ஆகாதது இல்லை, ஆனால் அன்றைக்கே சரியாவது.

21 ஜூலை 2024

ஓடையில் இறக்குகிறவர்களுக்கு. ஓடிச் சூடான ஆக்சிலைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், எங்காவது மூச்சு இழுக்கும். மேலே இருக்கும் மூச்சுக்குழாய் சேறு அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரையே இழுக்கும். நேற்று பின்பக்க ஆக்சிலின் திருகைக் கழற்றினேன், ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது. மூச்சுக்குழாயை நான் கடைசியாகத் துடைத்தது எப்போது என்று நோட்டில் தேடினேன். இல்லவே இல்லை.

ஃபோர் வீல் போடாமலே வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை மண் வழியில் போட்டு ஓட்டுங்கள். தார் சாலையில் வேண்டாம், திருப்பத்தில் முறுக்கிக்கொள்ளும்.

4 செப்டம்பர் 2024

போன நவம்பரில் எழுதினேன் அல்லவா, இங்கே என்ன கடலா இருக்கிறது, சேசிஸுக்கு ஒன்றும் ஆகாது என்று?

வண்டியைக் கழுவக் கொடுத்திருந்தேன். பட்டறை அண்ணன் கூப்பிட்டார், போனேன். வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னார். பின் சக்கரத்துக்கு மேலே, இடது பக்கம், சேசிஸ் வளையும் இடம். பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் உப்பலாக. ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். சத்தமே இல்லாமல் உள்ளே போனது. பிஸ்கட்டில் போவது போல, கைப்பிடி வரைக்கும். வெளியே எடுத்தபோது ஈரமான துருத்தூள் என் கன்னத்தில் விழுந்தது.

"இங்கே என்ன ஏற்றுவீங்க?" என்றார். அப்போதுதான் உறைத்தது. உர மூட்டை. பதினெட்டு வருடமாகப் பொட்டாஷ் மூட்டையை அந்த மூலையில்தான் போடுகிறேன், இறக்க வசதி என்று. மூட்டை ஓரத்தில் கசியும், மழை கரைக்கும், பலகை இடுக்கு வழியாகச் சேசிஸுக்குள் இறங்கும். பொட்டாஷும் ஒரு உப்புதானே. கடலை நானே மூட்டை கட்டி ஏற்றி வந்திருக்கிறேன்.

வெட்டி எடுத்துவிட்டு 5 மில்லிமீட்டர் தகடு வைத்து வெல்டிங். 11,500. எஞ்சின் இத்தனைக்கும் நடுவே ஒரே செல்ஃபில் பிடிக்கிறது.

ஆகவே ஜீப் பார்க்கப் போகிறவர்கள் பையில் ஒரு ஸ்குரூ டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். விற்கிறவர் முகம் மாறினால் அங்கேயே குத்துங்கள்.

5 செப்டம்பர் 2024

கேட்டுவிட்டுக் குத்துங்கள். ஒருவர் சண்டை வந்தது என்று எழுதியிருக்கிறார்.

22 டிசம்பர் 2024

பட்டறை அண்ணன் மார்ச்சோடு கடையை மூடுகிறார். மகன் ஓசூரில் வேலை, வரப் போவதில்லை. முட்டி வலி, வண்டிக்கு அடியில் படுத்தால் எழ முடியவில்லை என்கிறார். என் பம்பின் திருகு எத்தனை சுற்று வெளியே இருக்கிறது, எந்த வால்வுக்கு எவ்வளவு இடைவெளி விட்டால் சத்தம் வராது, எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. புத்தகத்தில் இல்லை. போன ஞாயிறு நோட்டோடு போய் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பாதிக்கு மேல் "அது கையில் தெரியும்" என்றார்.

இந்த மாதம் இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

14 ஏப்ரல் 2025

புது பட்டறை பிடித்தாகிவிட்டது. பையன் இருபத்தாறு வயது. முதல் நாள் ஜீப்பைப் பார்த்து, ஸ்கேனர் எங்கே மாட்டுவது என்று கேட்டான். மாட்ட இடமில்லை என்றதும் சிரித்தான். ஆனால் காது இருக்கிறது. இரண்டாவது நாள், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் பேரிங் சத்தம் என்று ஓட்டிப் பார்க்காமலே சொன்னான்.

7 செப்டம்பர் 2025

கேள்வி கேட்ட தம்பி இரண்டு வருடம் கழித்து வந்திருக்கிறார். அவர் அந்த ஜீப்பை எடுக்கவில்லையாம். மாமாவே எடுத்துவிட்டாராம், கண்ணை மூடிக்கொண்டு. எஞ்சின் அருமையாம். தரைத் தகடு போய், இப்போது காலுக்குக் கீழே சாலை தெரிகிறதாம்.

மாமாவுக்கு ஒரு செய்தி. 2001 மாடல் என்றால் பதினைந்து வருடத்துக்கு அப்புறம் ஐந்து ஐந்து வருடமாக ஆர்சி புதுப்பித்து வந்திருப்பார்கள், அடுத்தது 2026. நான் 2023இல் கட்டியது 5,000 ரூபாய், அதற்கு முந்தின தடவை 600. இப்போது ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார், ஜீப்புக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி.

புதுப்பிக்காமல் விற்கிற எண்ணம் வந்தால் முதலில் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள் தம்பி. எனக்கு முன் சக்கரத்து இடது ஹப் லாக் வேண்டும், ஏழு மாதமாகத் தேடுகிறேன். ரேடியேட்டர் மூடியும் நல்லதாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன்.